நூலில் கோத்த அட்டைகள்

பதினோராம் அத்தியாயம்

"பிரிச்சுத்தான் பாரேம்மா," என்றார் துளசிங்கம்.

ரயிலுக்கு மணி அடித்தாகிவிட்டது. இருந்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை. மகள் ஆபீசுக்குப் போய்ப் பிரிக்கிற நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க அவர் அங்கே இருக்கப் போவதில்லையே.

அம்சா திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் துணி மூட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தாள். மலைக்குப் போய்வந்த விபூதி நெற்றியில் இன்னும் ஈரமாக இருந்தது. துணியை விலக்கினாள். விலக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அட்டைகள் எல்லாம் ஓரத்தில் ஊசி ஓட்டப்பட்டு, வெள்ளை நூலில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. கடைசி அட்டை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"இனிமே எந்த ஆடு வந்து தட்டினாலும் கலையாது," என்றார் துளசிங்கம். "நீ மலை ஏறி எறங்கறதுக்குள்ள முடிச்சுட்டேன். எப்பிடி?"

அம்சா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் என்று ஒரு கணம் நினைத்தார் அவர். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார்.

இந்தத் தொடரில் அம்சாவோடு கூடவே வருகிறவர்களுக்கு அந்த அட்டைகள் என்னவென்று தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. நகரிக்கு வாழப் போனவள் அவள். புருஷன் வரதராஜன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே, கட்டிய புடவையோடு திருத்தணிக்குத் திரும்பிவிட்டாள். நாலு வயசுப் பெண் அம்முவை மட்டும் அவர்கள் விடவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "நெலையா ஒரு வேலை இல்லாதவ கையில கொழந்தைய எப்பிடிக் குடுக்கறது? வேலை நிரந்தரம்னு ஆகட்டும். ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு பக்கமும் மலைக்கு வருவோம். அங்க வெச்சு முடிச்சுக்கலாம்," என்று எழுந்துவிட்டார்கள்.

கிருத்திகை அடுத்த வாரம்.

மெட்ராசில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு அட்டை குத்துகிறாள் அம்சா. தற்காலிக வேலை. நிரந்தரமான இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும். அந்த இயந்திரம் முதலில் என்ன செய்ய வேண்டும், பிறகு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதி, வரிக்கு ஓர் அட்டை குத்தி, வரிசை மாறாமல் அதன் வாயில் போட வேண்டும். அம்சா எழுதியதை இன்று காலை பத்து மணிக்கு ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கிற ஆபீசர் மத்தியானமே பம்பாய்க்குப் போகிறார். அவர் திரும்பும்போது கிருத்திகை முடிந்திருக்கும்.

சரி பார்ப்பதற்கென்று அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு கௌரியம்மாளின் ஆடு உள்ளே புகுந்து பெட்டியைத் தள்ளிவிட்டது. அட்டைகள் தரையெல்லாம் இறைந்தன. விளக்கு வைக்கிற வரைக்கும் தரையில் மண்டியிட்டுப் பொறுக்கி அடுக்கினாள் அம்சா. "ஒண்ணு முன்ன பின்ன மாறினாலும் எல்லாம் போச்சு நைனா," என்று விசும்பினாள்.

அந்த ஒரு சொல்தான் துளசிங்கத்தைத் தூங்க விடவில்லை. தறிக்காரர் அவர். அவர் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் இதே மாதிரி ஓட்டை போட்ட அட்டைகள்தான் தொங்குகின்றன. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அந்த ஓட்டைதான் சொல்லும். ஓர் அட்டை இடம் மாறினால் புடவையில் மாங்காயின் வால் தலைக்குப் போய்விடும். அதனால் தறிக்காரர்கள் அட்டையைத் தனித்தனியாக விடுவதே கிடையாது. நூலில் கோத்து, கடைசியை முதலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மாலை போலச் சுற்றிச் சுற்றி வரும். விடிந்ததும் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பெண்ணுக்குக் காவல் வைப்பதாகத்தான் அவர் நினைத்தார்.

வண்டி வந்து நின்றது. அம்சா அட்டைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். பிளாட்பாரச் சீட்டு மட்டும் கையில் இருந்த துளசிங்கம், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பின்னால் ஏறினார்.

"நீ எங்க வர்றே?"

"தெரியலம்மா. இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு. கூடவே வரேன்."

ஜன்னலோரத்தில் மல்லிகைக் கூடையோடு ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள். தினமும் பூவை மெட்ராசுக்குக் கொண்டுபோகிறவள். அம்சாவின் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் காலுக்கடியில் தள்ளி இடம் கொடுத்தாள்.

அம்சா பல்லால் நூலைக் கடித்தபடியே சொன்னாள். "ஓட்டைதான் நைனா அந்த மிஷினுக்கு எழுத்து. இந்த எடத்துல இருந்தா இன்ன எழுத்துன்னு படிச்சுகினே போவும். நீ ஊசியால போட்டதும் அதுக்கு எழுத்துதான்."

"நான் ஓரத்துலதானேம்மா போட்டேன்."

"அதுக்கு ஓரமே கெடயாது. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் எழுத்துதான்."

துளசிங்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஊசியைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் சிவந்திருந்தது.

"அப்ப இதெல்லாம்..."

"வீண்தான். ஆனா இதப் பாத்துத்தான் திரும்பக் குத்தணும். ஆபீஸ் தொறந்த ஒடனே போயிட்டா குத்தற மிஷின் ஒண்ணு கெடைக்கும். பத்துக்குள்ள எல்லாத்தையும் புது அட்டையில குத்திடுவேன். அதுக்குள்ள நூலப் பிரிச்சு வரிசை கெடாம அடுக்கணும். கிழிக்காம பிரி. அழுவாத. அழுதா எனக்குக் கை ஓடாது."

"எங்கிட்டயும் கொஞ்சம் குடு," என்று ஜெயம்மாள் கையை நீட்டினாள். "முடிச்சு போடறதும் அவுக்கறதும்தான் என் பொழப்பே. யோவ் பெரியவரே, இன்னா முடிச்சுய்யா இது? எமன் வந்து இழுத்தாலும் வராது போல கீதே!"

"தறி முடிச்சும்மா."

"நல்லாப் போட்டே, போ."

மூன்று பேரும் குனிந்து பிரித்தார்கள். அரக்கோணத்தில் பாதிக் கூட்டம் இறங்கிப் பாதிக் கூட்டம் ஏறியது. யாரோ தோளில் இடித்தார்கள். துளசிங்கம் அட்டைகளின் மேல் கவிழ்ந்து உடம்பால் மறைத்துக்கொண்டார். அவர் நெஞ்சில் இன்னொரு முள் இருந்தது. அதை அவர் இன்னும் சொல்லவில்லை.

நேற்று விழுந்ததில் ஓர் அட்டையின் மேல் ஆட்டுக் கால் பட்டு, நடுவில் மடங்கியிருந்தது. மடங்கிய அட்டையைத் தறியில் கோக்கமாட்டார்கள், பெட்டியில் சிக்கிக்கொள்ளும். தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு புதிதாக வெட்டிச் சேர்ப்பார்கள். அதுவரைக்கும் புடவையின் புட்டாப் பூவில் ஓர் இழை குறையும். தறிக்காரன் கண்ணுக்குத்தான் தெரியும், கட்டிக்கொள்கிறவளுக்குத் தெரியாது. அப்படித்தான் இதையும் எடுத்து விளக்கு மாடத்தில் வைத்திருந்தார். அம்சா மலையிலிருந்து வந்ததும் சொல்லலாம் என்றிருந்தார். அவசரத்தில் மறந்துபோனார். இப்போது ஞாபகம் இருக்கிறது, வாய் வரவில்லை.

வண்டி வேகம் குறைந்து ஒரு பக்கமாக வளைந்தது. திருவாலங்காடு ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை விட்டுத் தள்ளி நின்றுவிட்டது.

"போச்சுடா! லூப்புல போட்டுட்டான்," என்றாள் ஜெயம்மாள். "மெயில் வண்டிய விட்டுட்டுத்தான் இனிமே நம்மள எடுப்பான்."

அம்சா நிமிர்ந்தாள். வெளியே கரும்புத் தோட்டம். காக்கை கத்திக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"எம்மாம் நேரம் ஆவுங்க?" என்று துளசிங்கம் ஜன்னல் வழியாகக் கத்தினார். கீழே கொடியோடு நடந்துபோன ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா அது, லூப்பு? கொழந்தை வேணாம்னு ஆஸ்பத்திரியில பொம்பளைங்களுக்குப் போடறாங்களே, அந்தப் பேரு மாதிரி கீது?"

ஜெயம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இந்த வயசுல ஒனக்கு எதுக்குய்யா அந்தக் கவலை?"

அம்சாவுக்கும் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"நைனா, பேசிகினே பிரிப்போம். சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். இந்தக் கேள்விய ஆபீசர் இன்னிக்குக் கேப்பாரு. லூப்னா இன்னா, சொல்லுன்னு. மனப்பாடமா ஒப்பிச்சா அவருக்குப் பிடிக்காது. ஒன் வீட்டுல ஒருத்தருக்குப் புரியற மாதிரி சொல்லும்பாரு. ஒனக்குச் சொல்லிப் பாக்கறேன். கேளு."

"சொல்லும்மா."

"ஆஸ்பத்திரியில சொல்றது அந்தக் கம்பிக்கு. வளைஞ்சு இருக்கறதால அந்தப் பேரு. இப்ப நாம நிக்கறமே, இது ரயில்காரங்க லூப்பு. மெயின் லைன்லேர்ந்து பிரிஞ்சு போயி, கொஞ்ச தூரத்துல திரும்ப அதுலயே சேரும். எங்க ஆபீசுல லூப்புன்னா ரெண்டு. ஒண்ணு கண்ணால பாக்கலாம். அச்சடிக்கிற மிஷின் பக்கத்துல ஒரு காயித நாடா, ரெண்டு முனையும் ஒட்டி வளையமா மாட்டியிருக்கும். அதுல ஓட்டை இருக்கும். ஒரு பக்கம் அடிச்சு முடிஞ்சா, காயிதத்தச் சர்ருனு இழுத்து அடுத்த பக்கத்துத் தலைக்குக் கொண்டு போன்னு சொல்றது அந்த ஓட்டைதான்."

துளசிங்கத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது நம்ம அட்டை மாதிரியேம்மா. சுத்திச் சுத்தி வருது."

"ஆங், அது அப்பிடியேதான். ஆனா நான் எழுதினது அந்த லூப்பு இல்ல. இது ரெண்டாவது. கண்ணுக்குத் தெரியாது. ஒரே வேலைய பல தடவ செய்யணும்னா, அத்தினி தடவையும் எழுத வேணாம். ஒரு தடவ எழுதிட்டு, திரும்ப அந்த எடத்துக்கே போய்ச் செய்யின்னு சொன்னாப் போதும். அட்டை திரும்பி வராது நைனா. மிஷின் ஒரு வாட்டி படிச்சு மனசுல வெச்சுக்கும். மனசுக்குள்ளயே திரும்பித் திரும்பிப் போவும். அதுக்குப் பேரும் லூப்பு."

"அப்ப கடைசிய மொதலோட கட்டினது..."

"தேவையே இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்சா விடவில்லை. ஒவ்வோர் அட்டையாக மடியில் வைத்தபடி சொல்லிக்கொண்டே போனாள். "இதப் பாரு. ஒரு பேர எடு. இது, அத அடி. இது, கணக்குல ஒண்ணக் கூட்டு. இது, திரும்ப மேல போ."

"போயிகினே இருந்தா எங்க நிக்கும்?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

"அதுக்குத்தான் ஒரு அட்டை கீது. எல்லாம் முடிஞ்சுதான்னு கேக்கற அட்டை. முடிஞ்சிருந்தா வெளிய போ, இல்லாட்டி திரும்பு. அந்தக் கேள்வி இல்லன்னா மிஷினுக்கு நிக்கவே தெரியாது. அடிச்சுகினே இருக்கும். ஆபீசர் வந்து பட்டனை அமுக்கினாத்தான் உண்டு. அமுக்கிட்டா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

சொல்லிக்கொண்டே அந்த அட்டையைத் தேடினாள். கூட்டு என்கிற அட்டைக்கும் திரும்பு என்கிற அட்டைக்கும் நடுவில் இருக்க வேண்டியது. புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

துளசிங்கம் பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நைனா, அங்க கீழ ஏதாவது விழுந்துதா பாரு."

அவர் குனியவில்லை.

"நைனா?"

"மடங்கிப் போச்சும்மா," என்றார். "ஆட்டுக் கால் பட்டு மடங்கிப் போச்சு. மாடத்துல வெச்சேன்."

"எது?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஒரு இழை கொறைஞ்சாப்பல இருக்கும்னு நெனச்சேன். அப்பறம் சேத்துக்கலாம்னு..."

அம்சா அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. நகரியிலிருந்து கட்டிய புடவையோடு வந்து வாசலில் நின்றாளே, அன்றைக்குப் பார்த்த மாதிரி பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா எழுதியிருந்தேன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று ஜெயம்மாள்தான் கேட்டாள்.

"இருக்குக்கா. மூணு வாட்டி திருத்தினேன். மூணும் மண்டையில கீது. கடைசியா திருத்தினது எதுன்னுதான் தெரியல."

மெயில் வண்டி இடி மாதிரி கடந்து போனது. அது போன பிறகும் இவர்கள் வண்டி உடனே கிளம்பவில்லை. துளசிங்கம் மலை இருக்கும் திசை எதுவென்று தெரியாமல் பொதுவாகக் கை கூப்பினார். முருகா என்று சொல்லக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஊசியைக் குத்தியது அவர் கைதானே.

மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கியதும் அம்சா ஓடினாள். ஜெயம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டே கத்தினாள். "ஓடு கண்ணு, ஓடு! பூ வெச்சுகினு போடி!" ஒரு முழம் மல்லிகையை வீசினாள். அது துளசிங்கத்தின் தோளில் விழுந்தது. எடுக்கக்கூட நேரமில்லாமல் மகளுக்குப் பின்னால் ஓடினார். தறிக் குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வளைந்த இடுப்பு ஒவ்வோர் அடிக்கும் பிடித்து இழுத்தது.

ஆபீஸ் வாசலில் காவலாள் ஆதிகேசவன் கம்பை நீட்டினான்.

"இன்னாம்மா இவ்ளோ லேட்டு? ரெண்டு தடவ ஆள் வந்து கேட்டுட்டுப் போனாங்க. யாரு இது, பரீட்சைக்குத் தொணையா?"

"எங்க நைனா. வெளியதான் இருப்பாரு."

அம்சா அட்டைக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நாலு படி போய்த் திரும்பினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"ஒரே பக்கம்தான் அடிக்கணும். அடிச்சுட்டு நிக்கணும். நின்னா அம்மு வந்துட்டான்னு வெச்சுக்க."

திருவாலங்காட்டுக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட அவரைப் பார்த்து நைனா என்று கூப்பிடவில்லை. உள்ளே போய்விட்டாள். அப்போதுதான் தோளில் இருந்த மல்லிகை துளசிங்கத்தின் நினைவுக்கு வந்தது.

ஆதிகேசவனுக்கு அந்தப் பெரியவர் வெயிலில் நிற்கிற நிலையைப் பார்க்க முடியவில்லை. "வாய்யா, பின்பக்கம் நெழலு கீது," என்று சந்துக்குக் கூட்டிப்போனான். உயரத்தில் ஒரு ஜன்னல், அதில் ஓர் ஏ.சி. பெட்டி. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதான் மிஷின் ரூமு. அச்சடிக்கிற சத்தம் இங்க நல்லாக் கேக்கும். நேத்து ஒரு தம்பிக்கு ஓட்டினாங்க. நான் பீடி பத்த வெச்சு நாலு இழுப்பு இழுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு. இன்னிக்கு இந்தம்மாதான். வேற வேலை ஒண்ணும் ஓட்டல."

"குத்தறதுக்கு நேரம் குடுப்பாங்களா?"

"எத?"

இதை இவனுக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? துளசிங்கம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். சொட்டுகிற தண்ணீர் பக்கத்தில் ஒரு சின்னக் குழியைத் தோண்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்முவுக்கு அவர் நெய்த பாவாடைத் துணி வீட்டில் பெட்டியில் இருக்கிறது. கிருத்திகைக்கு மலையில் கட்டிவிடலாம் என்று வைத்தது. அளவு போதுமோ என்னமோ. பார்த்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வளர்ந்திருப்பாள்.

சந்தின் நிழல் பாதியாகச் சுருங்கிய பிறகு உள்ளே சத்தம் ஆரம்பித்தது.

விசைத்தறி கிளம்புகிற மாதிரி ஒரு அதிர்வு. பிறகு தடதடவென்று ஒரே சீராக ஓடியது. துளசிங்கம் எழுந்து நின்றுவிட்டார். சத்தம் கேட்டு மறுபடி சந்துக்கு வந்த ஆதிகேசவன் பீடியைப் பற்ற வைத்தான்.

"ஆரம்பிச்சுட்டாங்க," என்றான்.

துளசிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வரி வரியாக அடிக்கிறது. ஒரு பேரை எடு, அடி, கணக்கில் ஒன்றைக் கூட்டு, முடிந்ததா என்று கேள். கேள் தாயே, கேள்!

சர்ரென்று ஓர் இழுப்பு.

அவருக்குப் புரிந்தது. காகித வளையம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு பக்கம் முடிந்து, தாள் அடுத்த பக்கத்துத் தலைக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். இனி நிற்க வேண்டியதுதான். மல்லிகையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

தடதடவென்று மறுபடியும் ஓடியது.

"நிக்கும், நிக்கும்," என்றான் ஆதிகேசவன். அவன் பீடி பாதிக்கு மேல் போயிருந்தது.

துளசிங்கத்தின் வலது கால், தறியை நிறுத்த மிதியை விட்டு எடுப்பது போலத் தானாகத் தரையை விட்டு எழும்பியது. எழும்பிய காலை அவர் கீழே வைக்கவில்லை.

சர்ரென்று இன்னோர் இழுப்பு.

மூன்றாவது பக்கம் ஓட ஆரம்பித்தது.